ஆம்னி வேனில் தண்ணீர் ஒழுகுகிறதா? பம்பைக் கழற்றும் முன்னும், கழற்றிய பின்னும்

மாருதி ஆம்னி 2019-இல் நின்றுபோனது. கடைசியாக ஷோரூமை விட்டு இறங்கிய வண்டிக்கே இன்றைக்கு வயதாகிவிட்டது. 1984-இல் வெறும் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வந்தவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் சமையல்காரர், மைக்செட்காரர், மண்டிக்குக் காய் ஏற்றுபவர் என்று பலர் வீட்டு வாசலில் அது இன்னும் நிற்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்த ஊர்ப் பட்டறையிலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள்.

அந்தக் கண்ணை மூடிக்கொள்வதில்தான் எனக்குச் சண்டை. “தண்ணி குறையுதுங்க” என்று போய் நின்றால் “பம்ப் போயிருச்சு, மாத்திரலாம்” என்பதுதான் பதில். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் அப்படி ஒருமுறை மாற்றினார்கள். மறுவாரம் வால்பாறைக்குக் கல்யாணச் சமையல் பாத்திரங்களோடு ஏறும்போது, ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசியில் சீட்டுக்கடியிலிருந்து ஆவி வந்தது. இறங்கிப் பார்த்தால் பம்ப் புத்தம் புதிதாக, காய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. ஒழுகியது அதற்கு மேலே இருந்த ஹோஸ் கிளிப். மேலே இன்னும் முப்பத்தொரு வளைவு பாக்கி. கல்யாண வீட்டிலிருந்து நாலு நிமிடத்துக்கு ஒரு போன்.

அதற்குப் பிறகு பம்பை நானே மாற்றக் கற்றுக்கொண்டேன். அதைவிட, எப்போது மாற்றக்கூடாது என்று கற்றுக்கொண்டதில்தான் எனக்குப் பணம் மிச்சமானது.

தொடங்கும் முன் ஒன்று. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடி உள்ளே சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், அவ்வளவு தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து உங்கள் முகத்துக்கு வரும். ஈரத்துணி போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும்.

ஒழுகும் இடத்தைப் பிடிப்பது

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. அது வசதியும் தொல்லையும். சீட்டைத் தூக்கினால் மேல்பக்கம் தெரியும். பம்பின் அடிப்பக்கம் பார்க்க வண்டிக்கடியில் படுக்க வேண்டும். நடுவில் இருப்பதை இரண்டு இடத்திலிருந்தும் பாதிதான் பார்க்க முடியும். மேலே எங்கேயோ கசியும் சொட்டு, ஹோஸைப் பிடித்து வழிந்து, பம்ப் உடம்பில் இறங்கி, எஞ்சினின் முன்பக்க மூடியான டைமிங் கவரின் அடியில் வந்து கீழே விழும். ஓடும் வண்டியில் காற்று அதை இன்னும் பின்னால் தள்ளி கியர்பாக்ஸ் பக்கம் கொண்டுபோய்விடும். தரையில் ஈரம் இருக்கும் இடத்தை வைத்துப் பம்பைக் குற்றம் சொன்னால் பாதி நேரம் தவறிவிடும்.

நான் செய்வது இது. இரவு வண்டி ஆறிய பிறகு, பழைய துணியால் எஞ்சின் முன்பக்கம், ஹோஸ் முனைகள், பம்பைச் சுற்றி எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுவேன். பிறகு வீட்டில் இருக்கும் முகப்பவுடரை உள்ளங்கையில் கொட்டி அந்த இடமெல்லாம் ஊதிவிடுவேன். எல்லாம் வெள்ளையாகிவிடும். வண்டிக்கடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து, பம்புக்கு நேர் கீழே ஒரு குறுக்குக்கோடு போட்டு வைப்பேன். எஞ்சினைப் போட்டு, ஹீட் முள் நடுவில் வந்து பத்து நிமிடம் ஆனதும் அணைத்துவிட்டு, டார்ச்சோடு போய்ப் பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஒரு கோடு நனைந்து இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே பிடித்துக்கொண்டே போக வேண்டும். அது எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஒழுகல். என் மனைவிக்கு இந்த முறை பிடிக்காது. பவுடர் டப்பா சீக்கிரம் காலியாகிவிடுகிறது.

கோடு பம்பின் வயிற்றில் இருக்கும் ஒரு சிறு துளையில் தொடங்கினால் பம்ப்தான். அந்தத் துளை ஓட்டை அல்ல; வேண்டுமென்றே வைத்தது. பம்பின் தண்டு ஒரு பேரிங்கில் சுழல்கிறது. தண்டின் மறுமுனையில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. இரண்டுக்கும் நடுவில் தேய்ந்து தேய்ந்து அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சீல். சீல் தளர்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் அதைத் தின்றுவிடும் என்பதால், போகும் வழியில் வெளியே வடிந்துவிடட்டும் என்றுதான் அந்தத் துளை. அதை எம்-சீல் வைத்து அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அடைத்தால் ஒழுகல் நிற்கும், பத்து நாளில் பேரிங் கத்தும்.

துளையைச் சுற்றி காய்ந்த கறை லேசாக இருந்தால் பதற வேண்டாம். புது சீல்கூடப் படியும்வரை ஓரிரண்டு சொட்டு விடும். அட்டையில் தினமும் சொட்டு விழுகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும்.

காலையில் வண்டிக்கடியில் ஈரம். எஞ்சின் ஓடினால் நின்றுவிடுகிறது

குளிர்ந்த நேரத்தில் மட்டும் ஒழுகினால் முதல் சந்தேகம் ஹோஸ் கிளிப். ரப்பர் வயதாகி இறுகிப்போனால் குளிரில் சுருங்கும்போது குழாயோடு ஒட்டாது. சூடேறியதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். திருப்புளியால் கிளிப்பை அரைச்சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஹோஸைக் கழற்றி, அது உட்காரும் உலோகக் குழாயின் முனையைப் பாருங்கள். பல வருடம் வெறும் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் அந்த முனை துருப்பிடித்துச் செதில் செதிலாக இருக்கும். அதன்மேல் எந்த ஹோஸைப் போட்டாலும் ஒழுகும். உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க முடிந்தால் தேய்க்கலாம், குழி விழுந்திருந்தால் குழாயை மாற்ற வேண்டும்.

பம்பின் சீலும் இப்படிக் குளிரில் மட்டும் ஒழுகித் தொடங்குவது உண்டு. அதனால்தான் பவுடர்.

சூடான பிறகு மட்டும் சொட்டுகிறது

அழுத்தம் ஏறியதும் வழி கண்டுபிடிக்கும் தண்ணீர் இது. ரேடியேட்டரின் தையல், ஹோஸில் முடி அளவு வெடிப்பு, பம்பின் கேஸ்கட் (பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தாள்), பம்பின் துளை, நாலும் இங்கே வரும். ஹோஸை ஆறிய பிறகு விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மடிப்பில் வாயைத் திறக்கும்.

ரிசர்வ் டேங்க் நிரம்பி வெளியே வழிகிறது, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவாக இருக்கிறது என்றால் மூடியின் ரப்பரைப் பாருங்கள். சூட்டில் வெளியே போன தண்ணீரை ஆறும்போது திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டியது அந்த மூடியின் வேலை. ரப்பர் செத்துப்போனால் போனது போனதுதான். இருப்பதிலேயே மலிவான பாகம், கடைசியாக மாற்றப்படும் பாகமும் அதுதான். என்னைக் கேட்டால் மூடியை முதலில் மாற்றிவிட்டுத்தான் மற்ற ஆராய்ச்சி.

எங்கேயும் ஒழுகவில்லை, தண்ணீர் மட்டும் குறைகிறது

கொஞ்சம் கவலைப்பட வேண்டிய இடம். இரண்டு வழி உண்டு.

ஒன்று, சூடான எஞ்சின் மேல் விழுந்து அங்கேயே ஆவியாகும் சிறு கசிவு. அது தடம் விட்டுப்போகும். கூலன்ட் ஊற்றிய வண்டியில் பச்சையோ சிவப்போ, வெறும் தண்ணீர் வண்டியில் சுண்ணாம்பு வெள்ளையோ துரு நிறமோ. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தேடினால் தெரியும். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகர அடைப்புகளையும் பாருங்கள். உள்ளிருந்து துரு தின்று, ஊசித்துளை விழுந்திருக்கும். பம்பின் கசிவு டைமிங் கவருக்குள்ளேயே இறங்கி, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் புல்லிப் பக்கம் ஈரமாகத் தெரிவதும் உண்டு. அதை ஆயில் சீல் ஒழுகல் என்று நினைத்துவிடுவார்கள். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஆயில் வழுக்கும், கருப்பாக இருக்கும். கூலன்ட் காய்ந்தால் பிசுபிசுக்கும்.

இன்னொன்று ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு. காலையில் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்புவரை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஒரு நிமிடத்திலேயே குமிழி குமிழியாக விடாமல் வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் கலந்த காபி நிறத்தில் கொழகொழப்பு, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, இவற்றில் இரண்டு சேர்ந்தால் பம்ப் வாங்கும் காசை ஹெட் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலக் காலையில் சைலன்சரிலிருந்து சொட்டும் வெறும் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். அது எல்லா வண்டியிலும் வரும்.

முன்பக்கம் உறுமல்

ஐடிலிங்கில் மணல் அரைப்பது போலவோ, ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடவே ஏறும் உறுமலோ கேட்டால், எஞ்சினை அணைத்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். பிறகு பத்து, பதினைந்து வினாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். அந்த நேரம் தண்ணீர் சுற்றவில்லை. சத்தம் நின்றுபோனால் பம்ப் அல்லது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். இரண்டையும் ஓட்டுவது அந்த ஒரே பெல்ட்தான். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு புல்லிகளையும் கையால் சுற்றிப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பம்ப் புல்லியில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தாலே முடிந்தது. இன்றைக்கு ஒழுகாவிட்டாலும், ஆடும் தண்டில் எந்த சீலும் நிற்காது.

சார்ஜ் விளக்கு எரிவதும் ஹீட் முள் ஏறுவதும் ஒன்றாக நடந்தால் யோசிக்கவே வேண்டாம்: பெல்ட் அறுந்துவிட்டது. உடனே ஓரம் கட்டுங்கள்.

தண்ணீர் குறையவில்லை, ஆனால் ஹீட் ஏறுகிறது

சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் மின்விசிறியைப் பாருங்கள். மோட்டார், ஃபியூஸ், சூட்டில் விசிறியைப் போடும் சுவிட்ச். ஓடும்போதும் மேட்டிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), பம்பின் உள்விசிறி, இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். உள்விசிறி துருவில் கரைந்து மொட்டையாகிப்போன பம்பை நானே கழற்றியிருக்கிறேன். வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, பேரிங் புதிது போல இருந்தது. இருபது வருடம் உப்புத்தண்ணீர் குடித்த வண்டி.

தெர்மோஸ்டாட் சோதிக்கப் பட்டறை வேண்டாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். எத்தனை டிகிரியில் என்பது பெரும்பாலும் அதன் தலையிலேயே அச்சாகியிருக்கும். கொதித்த பிறகும் மூடியே இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆனால் தூக்கிப் போட்ட இடத்தில் புதியதை மாட்டுங்கள். “நம்ம வெயிலுக்கு வால்வு எதுக்குங்க” என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயில் கெடும்.

பம்ப்தான் என்று முடிவான பின்

பழைய பம்பைக் கொடுத்தால் பேரிங்கும் சீலும் மாற்றி, பிரஸ்ஸில் அடித்துத் தருபவர்கள் உண்டு. பம்ப் கிடைக்காத வண்டிக்கு அது வரம். ஆம்னிக்குத் தேவையில்லை, புது பம்ப் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. கடையில் வாங்கும்போதே புல்லி மாட்டும் தட்டைச் சுற்றிப் பாருங்கள். கோணாமல் சுற்ற வேண்டும். கேஸ்கட் முகத்தில் விரலை ஓட்டுங்கள். மலிவு பம்பில் வார்ப்பின் பிசிறு அப்படியே இருக்கும். முடிந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோய் அருகில் வைத்து, துளைகள், தண்டின் நீளம், புல்லி தட்டின் உயரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். உயரம் கொஞ்சம் மாறினாலும் பெல்ட் கோணலாக ஓடும்.

கூடவே வாங்க வேண்டியவை: கேஸ்கட், டைமிங் பெல்ட், ஃபேன் பெல்ட், இரண்டு கிளிப், கூலன்ட். டைமிங் பெல்ட் (கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேமையும் இணைக்கும் பல் பெல்ட்) எதற்கு என்பீர்கள். இந்த எஞ்சினில் பம்பை எடுக்க டைமிங் கவரைத் திறந்து அந்த பெல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டுவதற்கும் புதியதை மாட்டுவதற்கும் உழைப்பு ஒன்றே. பம்ப் ஒழுகிய தண்ணீரில் ஊறிய பெல்ட்டை நம்பவும் கூடாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கையும் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் அதுவும் மாற்றத்தான்.

கழற்றுவது

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக்கொடுங்கள். முன்பக்கம் ஜாக்கியில் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

தண்ணீரை ஒரு பேசினில் வடியவிட்டு, எத்தனை லிட்டர் வந்தது என்று பாட்டிலில் அளந்து எழுதி வையுங்கள். கடைசியில் அந்தக் கணக்கு தேவைப்படும். பேசினை மூடி உயரத்தில் வையுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், குடித்தால் சாகும்.

பம்ப் புல்லியின் போல்ட்டுகளைப் பெல்ட் மாட்டியிருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். பெல்ட் போன பிறகு புல்லி கூடவே சுற்றும், பிடிக்க மூன்றாவது கை வேண்டும். பிறகு ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி பெல்ட்டையும், அடுத்து புல்லி, கிராங்க் புல்லி, டைமிங் கவர் என்ற வரிசையில் மற்றதையும் எடுங்கள். கிராங்க் போல்ட் திறக்கும்போது வண்டியை டாப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டால் எஞ்சின் சுற்றாது.

பெல்ட்டை எடுப்பதற்கு முன், கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அது ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றி, கேம் புல்லியின் அடையாளமும் கிராங்கின் அடையாளமும் அவற்றுக்கான குறிகளுக்கு நேரே வரும்படி நிறுத்துங்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒயிட்னரால் இரண்டு இடத்திலும் கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தப்பினாலும் வண்டி இழுக்காது, அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. அதற்குப் பிறகு வேலை முடியும்வரை கேம் புல்லியையோ கிராங்கையோ தொட்டுச் சுற்றக்கூடாது.

பம்பின் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, எடுக்க எடுக்க அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையின் இடத்தில் போட்டு முறுக்கினால் துளையின் அடியில் முட்டி நிற்கும், பம்ப் இறுகாது, நமக்கு இறுகியதாகத் தோன்றும். திறக்க மறுக்கும் போல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். துரு எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து, கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். தலை உடைந்தால் அன்றைய வேலை லேத் பட்டறையில் போய் முடியும்.

போல்ட் எல்லாம் எடுத்தும் பம்ப் வராது. பழைய கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருக்கும். மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டுங்கள். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினால் எஞ்சின் பக்க முகத்தில் கீறல் விழும். பம்பை மாற்றலாம், அந்த முகத்தை மாற்ற முடியாது.

அந்த முகம்

புது பம்ப் மாட்டியும் ஒழுகுவதற்கு முக்கால்வாசி காரணம் இங்கே இருக்கிறது. பட்டறையில் இதற்கு ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். நான் ஒரு மணி நேரம் கொடுக்கிறேன்.

முதலில் திறந்திருக்கும் தண்ணீர்ப் பாதைக்குள் ஒரு துணியைத் திணித்து, வால் வெளியே தொங்கும்படி விடுங்கள். குப்பை உள்ளே விழாது, துணியை மறக்கவும் மாட்டீர்கள். பழைய கேஸ்கட்டைப் பிளேடால், முகத்துக்குப் படுக்கையாகப் பிடித்து, மெல்ல மெல்ல எடுங்கள். அவசரப்பட்டு நிமிர்த்திப் பிடித்தால் பிளேடு உழும். போல்ட் துளைகளைச் சுற்றித்தான் கேஸ்கட் துணுக்கும் முந்தைய மெக்கானிக் தடவிய பேஸ்ட்டும் கெட்டியாக ஒட்டியிருக்கும். கடைசியில் தட்டையான கட்டையில் சுற்றிய நைஸ் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. விரலில் வைத்துத் தேய்க்காதீர்கள். விரல் மெத்தென்று இருப்பதால் நடுவில் பள்ளம் எடுக்கும்.

பிறகு ஒரு எஃகு ஸ்கேலை முகத்தில் நிறுத்தி, பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அங்கே பள்ளம். போல்ட் துளைகளுக்குள்ளும் சுத்தம் வேண்டும். அடியில் தேங்கிய தண்ணீரைத் துணித்திரியால் உறிஞ்சி எடுங்கள். ஒரு போல்ட்டைக் கையால் மட்டும் முழு ஆழமும் திருகிப் பாருங்கள். நடுவில் லூசாகச் சுற்றினால் மரை போயிருக்கிறது. அதை இப்போதே லேத்தில் சரிசெய்யுங்கள். “மத்த போல்ட்டு பிடிச்சுக்கும்” என்று விட்ட இடத்தில்தான் அது ஒழுகும்.

மாட்டுவது

கேஸ்கட்டின் இருபுறமும் சீலன்ட் தேவை என்றால் விரலால் மெலிதாக, காகிதம் நனைவது போல. ட்யூபை அப்படியே பிதுக்கி வளையமாகப் போடுபவர்கள் அதிகம். இறுக்கும்போது வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் உட்காரும்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இவை சிறிய போல்ட். சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ஸ்பேனர் இல்லாவிட்டால் குட்டை ஸ்பேனரைத் தலைக்கு அருகில் பிடித்து, மணிக்கட்டு பலத்தோடு நிறுத்துங்கள்.

டைமிங் பெல்ட்டைக் குறிகள் நகராமல் மாட்டி, டென்ஷனரை இறுக்கியதும், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். குறிகள் திரும்ப நேரே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் கழற்றி மறுபடி. ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கட்டும். அதைவிட இறுக்கினால் கீச்சென்ற சத்தம் வராது, உண்மைதான். ஆனால் புது பம்பின் பேரிங் அந்த இறுக்கத்தில்தான் சாகிறது.

தண்ணீர் ஊற்றுவது

குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். நம் ஊரில் பனி உறையாதே, கூலன்ட் எதற்கு என்றால், துருவைத் தடுக்க. பம்பின் சீலும் உள்விசிறியும் அதை நம்பித்தான் இருக்கின்றன. பழையது என்ன வகை என்று தெரியாவிட்டால், சுத்தமான தண்ணீரால் அலசிவிட்டுப் புதிய வகையை ஊற்றுங்கள், கலக்காதீர்கள்.

வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க ஒரு சரிவில் நிறுத்தினால் காற்று சுலபமாக வெளியேறும். மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விடுங்கள். குளுக் குளுக் என்று காற்று மேலே வரும். மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென இறங்கும், ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடியைப் போடுங்கள். நீங்கள் எழுதி வைத்த லிட்டர் கணக்கைவிட ஒரு லிட்டர் குறைவாகப் போயிருந்தால் உள்ளே காற்று நிற்கிறது.

மாட்டிய பிறகும் தொல்லை என்றால்

ஹீட் முள் ஏறி இறங்கி ஊசலாடுகிறது: காற்று. ஆறவிட்டு மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலை மட்டம் பார்ப்பது கட்டாயம்.

பம்பின் விளிம்பில் ஈரம்: போல்ட்டைப் போட்டு முறுக்காதீர்கள். கேஸ்கட் முகம் அல்லது நீளம் மாறிய போல்ட். கழற்றிப் பார்க்க வேண்டியதுதான், வருத்தமாகத்தான் இருக்கும்.

துளையில் ஓரிரண்டு சொட்டு: நூறு கிலோமீட்டர் பொறுங்கள். நிற்காவிட்டால் பம்பே குறை. பில்லை வைத்திருந்தால் கடையில் மாற்றித் தருவார்கள்.

வண்டி இழுக்கவில்லை, ஐடிலிங்கில் உதறுகிறது: பம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டைமிங் ஒரு பல் தப்பியிருக்கிறது. மேலே ஏறும் முன் சரிசெய்துவிடுங்கள்.

எல்லாம் காய்ந்து, மட்டம் மூன்று நாள் நகராமல் இருந்தாலும், நான் இன்னொரு முறை பவுடர் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வால்பாறை ஆர்டர் எடுக்கிறேன்.